இரண்டும் நான்கும்

துவைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று
சத்தியம் பண்ணுகிறான் வாகீசன்.
கழுத்துவரை இழுத்துவிட்ட ஆறு நீலக் காலுறைகள்,
உள்ளே ஆறு போத்தல்கள்,
கோல்கீப்பர் வராத அணிபோல் மேசையில் நிற்கின்றன.
சுண்ணக்கட்டியால் எண் போட்டது அவன் மகள்.
அதனால் மூன்று மட்டும்
எங்களுக்கு முதுகு காட்டுகிறது.

பீல் நகரில் நவம்பர்.
சலவை அறைக்கு நேர் மேலே வீடு.
யாரோ தங்கள் முறை கடந்தும் இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்கள்;
அதன் சுழற்சி தரை வழியாக ஏறி
கிளாசுகளின் காலைத் தொடுகிறது.

நான் கண்ணால் பிழைப்பவள்.
கடிகாரத் தொழிற்சாலையில் லென்ஸை இமையில் இடுக்கி
முள்ளின் நுனியில் ஒரு தூசு,
முகப்பில் மயிரளவுக் கீறல்
தேடிக் கழிப்பது வேலை.
பழக்கதோஷம். கிளாசை விளக்குக்கு நேரே பிடித்துவிட்டேன்.
"அதில் மணி தெரியாது" என்றாள் ரெகுலா.

உர்ஸ் முதல் மிடறிலேயே தீர்ப்பெழுதுகிறவன்.
ஒன்று வலே என்றான், தெற்கு பார்த்த சரிவு என்றான்,
இன்னும் கொஞ்சம் விட்டால்
கொடி நட்டவனின் பெயரையும் சொல்லியிருப்பான்.
இரண்டில் ரெகுலாவுக்குச் செர்ரி.
மூன்றின் தக்கை உடைந்து உள்ளே விழ
தேயிலை வடியால் வடித்தோம்.
நான்கு வரும்போது
எல்லோரும் சற்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

டிடியே மட்டும் கிளாசுக்குள் மூக்கை விடவில்லை.
போன மாரியில் வந்த காய்ச்சல்
போகும்போது அவன் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
கோப்பி அவனுக்கு வெறும் சூடு.
வெங்காயம் ஒரு சத்தம்.
பால் கெட்டுவிட்டதா என்று கேட்க
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.
பிறகேன் வந்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை.
பரீட்சையில் கையால் மறைத்து எழுதும் பையன்போல
ஏதோ எழுதிக்கொண்டே இருந்தான்.

"பல்லின் மேல் பூனை நக்கினதுபோல் ஒன்று,
கன்னத்தை உள்ளே இழுக்கிறது.
உன் மொழியில் அதற்குச் சொல் உண்டா?"

துவர்ப்பு என்றேன்.
ஆறு சுவையில் ஒன்று என்றேன்.
வாழைப்பூ, கடுக்காய், பிஞ்சு மாதுளையின் தோல்.
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது:
துவர் என்றால் சிவப்பும்தான்.
பவளமும்தான்.
போத்தலுக்கு என்ன காலுறை மாட்டினாலும்
சொல்லுக்குள் நிறம் திறந்தே கிடக்கிறது.
இதைப் பிரெஞ்சில் விளக்கப் போய்
பாதி வழியில் வினைச்சொல் கிடைக்காமல் விட்டுவிட்டேன்.
அவன் 'துவர்' என்று சொல்லிப் பார்த்தான்,
கடைசி எழுத்தைத் தொண்டையில் உருட்டி.

பத்து மணிக்குக் காலுறைகளைக் கழற்றினான் வாகீசன்.
ஒன்று, மாசிடோனியா.
உர்ஸ் அந்தக் காலுறையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான்.
இரண்டைக் கழற்றினான்.
மூன்றைத் தாண்டி நான்கைக் கழற்றினான்.
ஒரே லேபிள். ஒரே ஆண்டு.
ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு.

ரெகுலாவின் தாளில் நான்கு, மழையில் நனைந்த சாம்பல்.
உர்ஸுக்கு ஒன்று இத்தாலி, மற்றது ஸ்பெயின்.
நான் இரண்டுக்கு ஆறு புள்ளியும்
நான்குக்கு ஒன்பதும் போட்டிருந்தேன்,
குறை பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள்.

டிடியேயின் தாளை ரெகுலா பறித்தாள்.
இரண்டு: இடது கடைவாயில் தொடங்குகிறது,
மெதுவாக மேலண்ணத்துக்குப் போகிறது,
பதினொன்று எண்ணும்வரை நிற்கிறது.
நான்கு: இரண்டைப் பார்க்க.

கீழே இயந்திரம் வேகம் பிடித்து உலுக்கியது.
ஐந்தும் ஆறும் என்னவாயின என்று
எனக்கு நினைவில்லை.

இறங்கும்போது படிக்கட்டில் கேட்டான்,
மெல்ல, கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு:
"இரண்டுக்கு என்ன மணம்?"
என் தாளில் எண்கள் மட்டுமே இருந்தன.
"செர்ரி" என்றேன்.
ரெகுலாவின் செர்ரி.
போகவேண்டிய தெருவின் பெயரைக் கேட்டுக்கொள்கிறவன்போல
தலையாட்டினான்.
நேரம் முடிந்து படிக்கட்டு விளக்கு அணைந்தது.
சுவரில் பொத்தானைத் தேடி
இருவரும் தடவிக்கொண்டிருந்தோம்.