ஏறுறது, இறங்குறது

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில்
ஐந்தே முக்காலுக்கு முதல் நடை.
விசிலைக் கழுத்தில் மாட்டுமுன்
விரலைக் குத்துகிறேன்.
நூற்றுப் பதினெட்டு.
கேட்காமலே சில்லறை கிடைத்த மாதிரி
ஒரு நிம்மதி,
கோவிலூர் வரைக்கும்.

நாற்பத்து மூன்று நாளாகிறது.
பதினோரு கிலோ எங்கே போச்சென்று தெரியாமல்
பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவன்
ஒரு ராத்திரி
குடத்துத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு
மூச்சு வாங்கி விழுந்தேன்.
சிவகங்கை பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் உமையாள் சொன்னார்:
"உன் உடம்பே உன் கணையத்தை அடிச்சிருச்சு, சேவுகன்.
நீ தின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."
அந்த இரண்டாவது வரியை
யாருக்கெல்லாம் சொல்லியாச்சு!
"இருபத்தாறு வயசுல சக்கரையா?
மிட்டாயாத் தின்னுருப்பான்"
என்கிறவர்களுக்கும்
டிக்கெட் கிழித்துத்தான் கொடுக்கிறேன்,
ஓட்டை விழுந்த விரலால்.

குன்றக்குடி தாண்டி ஒருநாள்
கணக்கு வரவில்லை.
ஐம்பதில் பதினாலு போனால் எவ்வளவு?
சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது.
நாக்கு தடிக்கிறது.
"காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்துட்டான்,"
ஜன்னலோரத்து வெள்ளை வேட்டி.
இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன்.
குழறியது.
அவர் சொன்னது நிரூபணமாயிற்று.
டிரைவர் சூசைராஜ் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி
என்னை இறக்கி உட்காரவைத்த இடத்தில்
மஞ்சளாய்ப் பொங்கிக் கிடந்தது ஆவாரம்பூ.
ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள்.
கண்டிருப்பார்கள்,
இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்.

கடலை மிட்டாயை ஊட்டினார்.
கடலை மெதுவாகத்தான் ஏறும் என்று
அவருக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும்.
ஏறலையே ஏறலையே என்று
இன்னொரு மிட்டாய், பன்னீர் சோடா,
யாரோ நீட்டிய வாழைப்பழம்.
பிறகு எல்லாம் ஒரே நிறுத்தத்தில் ஏறின.
மத்தியானம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
கிணற்றிலிருந்து தூக்கிப்
பனை உச்சியில் உட்காரவைத்த மாதிரி.

தோல்பையில் இப்போது நான்கு அறை.
நோட்டு. சில்லறை.
அன்றைக்குப் பிறகு தைத்த அறையில் குளுக்கோஸ் பொடி.
கடைசியில், ஈரத்துணி சுற்றிய பேனா.
என்ஜின் சூட்டில் மருந்து செத்துப்போகுமாம்.
பட்டை ஒன்று,
திருப்பத்தூர் போய்ச்சேரும் டிக்கெட் காசு.
தினம் ஐந்து முறை
போகாத ஊருக்கு டிக்கெட் எடுக்கிறேன்.

பிள்ளையார்பட்டியில் ஏறுகிற அம்மா ஒருவர்
இலையோடு நீட்டுவார் கொழுக்கட்டை.
பிரசாதத்தை எடை பார்க்கக் கூடாது.
நான் பார்க்கிறேன்.
மாவு இவ்வளவு, வெல்லம் இவ்வளவு,
ஊசி மூன்றா நாலா.
போன வெள்ளிக்கிழமை
பிட்டுப் பார்த்து, மனசு கேட்காமல்,
பின்சீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு
விரலைக் குத்தினால்
முந்நூற்று நாற்பத்தெட்டு.
தின்னாத கொழுக்கட்டைக்கா?
பேனாவை ஆறு வரை திருகியும் விட்டேன்.
அதே விரலில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.
எழுந்து போகவேயில்லை.
பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி
மறுபடி குத்தினேன்.
நூற்று முப்பத்தொன்று.
வெல்லம் தோலில் இருந்திருக்கிறது,
ரத்தத்தில் இல்லை.
அந்த ஈ அன்றைக்கு
டிக்கெட் இல்லாமல் திருப்பத்தூர் வரை வந்தது.
நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சூசைராஜ் அண்ணன்
கண்ணாடியில் புருவத்தை உயர்த்துவார்.
ஒரு விரல், அப்புறம் நாலு விரல்,
அப்புறம் மூடிய கை.
டிக்கெட் கணக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள்.
நூற்று நாற்பதுதான்.
ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் நூற்று நாற்பதா,
இறங்கிக்கொண்டிருப்பதா?
அதை மிஷின் சொல்வதில்லை.
படியில் நிற்கிற ஆளை
முதுகை மட்டும் பார்த்து
எந்தப் பக்கம் போகிறவர் என்று சொல்ல முடியுமா?
கால் மணி கழித்து இன்னொரு குத்து.
அதுவரைக்கும் தொண்டை இருக்கிறது:

"ஏறுறது இருந்தா ஏறு,
இறங்குறது இருந்தா இறங்கு,
படியில நிக்காதே!"

ரெண்டு விசில்.