உணவுக்கு முன்

மூன்றாம் ஊசிக்குப் பிறகு
கியாத் நோட்டுகளை எண்ண வரவில்லை.
விரல் நுனிகள் வேறு யாருடையவோ.
சோறோ, வாயில் ஈயம்.

ஒசாகாவிலிருந்து மகள் அனுப்பியவை
நாற்பத்திரண்டு பொடிப் பொட்டலங்கள்.
அவள் குளிப்பாட்டிவிடும் கிழவருக்கும்
இதேதானாம், உணவுக்கு முன்.

ரங்கூன் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தீரி
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்:
“புற்றுக்கு இல்லை இது. பசிக்கு.
குடியுங்கள். ஊசிக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.”

கரண்ட் போன இரவில்
கரியடுப்பில் வெந்நீர் வைத்துக் கரைத்தேன்.
இஞ்சி.
ஆரஞ்சுத் தோல்.
அடி நாக்கில், அட, அதிமதுரம்!
இருபத்தாறாம் தெருக் கடையில்
பதினெட்டு வருஷம் நான் நிறுத்துக் கொடுத்தது
ஜப்பானில் படித்துப் பட்டம் வாங்கி
வெள்ளிக் காகிதம் உடுத்தி வந்திருக்கிறது.

சுவரில் மாமனார் படம்.
ஜப்பான்காரன் என்றாலே காறித் துப்புவார்;
ரயில் பாதை போடப் போன அவர் அண்ணன்
எந்த ரயிலிலும் திரும்பவில்லை.
படத்துக்கு முதுகைக் காட்டி
ஒரே மடக்கில் குடித்தேன்.

ஆறாம் நாள் காலை
கீழ்வீட்டு மொகிங்கா வாசனை மாடியேறி வந்தது.
குமட்டவில்லை.
நாலு வாய் இறங்கியது.
விரல்கள் அப்படியேதான்.

போனில் மகள் கேட்டாள்.
ஒரு கிண்ணம் என்றேன்.