கருஞ்சிவப்புச் சாயம்

கைதிகளின் உடுப்பைக் கருஞ்சிவப்பில் தோய்த்திருந்தார்கள்,
ஓடினால் தெரியவேண்டும் என்று.
ஆரஞ்சுத் தோப்பில் அது
நின்றாலும் தெரிந்தது, அவளுக்கு.

கேய்ண்டா, குவீன்ஸ்லாந்து. நாற்பத்து நான்கு, ஜூலைக் குளிர்.
பெரிலின் கணவன் சிங்கப்பூரில் பிடிபட்டு
இரண்டரை வருடம். வந்தது ஒரே ஒரு அட்டை.
இருபத்தைந்து சொல். அதில் ஒன்பது, பசுவைப் பற்றி.

நுன்சியோவைக் கொண்டுவந்து இறக்கிய சார்ஜண்ட்
விதிகளை வாசித்தான்.
பெண்களோடு தேவைக்கு மேல் பேசலாகாது.
தேவை எவ்வளவு என்று தாளில் இல்லை.

ஏழு வயதில் மரத் துப்பாக்கி தூக்கிக்
கறுப்புச் சட்டையில் அணிவகுத்தவன் அவன்.
தலைவர் தவறவே மாட்டார் என்று
பள்ளிச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து
எழுத்துக் கற்றவன்.
அவன் அம்மாவின் கல்யாண மோதிரத்தை
நாடு கேட்டு வாங்கிக்கொண்டு
இரும்பில் ஒன்று கொடுத்ததாம்.
"தங்கம் என்ன ஆனது?"
"குண்டாகியிருக்கும். இல்லையென்றால் என் பூட்ஸ்."

மாவு பிசைய அவள் கழற்றிய மோதிரம்
ஜன்னல் விளிம்பில் கிடந்தது.
இருவரும் அதைப் பார்த்தார்கள்.
இரவும் அது அங்கேயே கிடந்தது.

பழக் கொட்டகை. விளக்கில்லை.
தோல் கீறிய பழங்களின் நெடி.
அவள் கழுத்துப் பொத்தானில் அவன் விரல் தடுமாற,
பொறுக்காமல் அவளே இழுத்தாள். நூல் தெறித்தது.
"மெல்ல" என்றான்.

அவள் அறியாத சொல். அவன் மொழியுமில்லை.
பெங்களூர் முகாமில் தண்ணீர் சுமந்தவன்
தளும்பும் வாளியைக் கைமாற்றும்போதெல்லாம் சொன்னது.

அவள் தளும்பிக்கொண்டிருந்தாள்.
வைக்கோலில், சாக்கில், ஒருவர் வாயை ஒருவர் பொத்தி,
போர் எந்தப் பக்கம் என்பதே மறந்து.
விடியலில் குளிக்கையில் பார்த்தாள்:
வியர்வையில் இறங்கிய சாயம்
மார்பில், அடிவயிற்றில், உள்தொடையில்.
தேய்த்தாள்.
முழுதாகத் தேய்க்கவில்லை.

நாத்தனார் கொடியில் கண்டது படுக்கை விரிப்பை.

லாரி வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை,
பார்த்தால் அது சாட்சியாகிவிடும்.
தபாலாபீஸ் வரிசையில் அவளுக்கு
முன்னும் பின்னும் ஓர் ஆள் இடம் விட்டார்கள்.
பாசிஸ்டுக்குப் படுத்தவள்.

நவம்பரில் திரும்பிய கிளாரி
இரண்டு பழப்பெட்டி எடை இருந்தான்.
ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை இரு கையாலும் பற்றி
யாரோ பிடுங்கப்போவதுபோல் குடித்தான்.
அவள் கரண்டியை வாங்கினாள்.
நினையாமல் வந்தது வாயில்:
"மெல்ல."

கிளாரி நிமிர்ந்தான்.
சயாம் ரயில்பாதையில்
காய்ச்சல்காரனைப் பாய்க்கு இறக்கும்போது
மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த கூலிகள்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட சொல்.
அவனையும் ஒருமுறை அப்படித்தான் இறக்கினார்கள்.

உனக்கு எப்படி, என்று தொடங்கினான்.
ஜன்னலுக்கு அப்பால் யாரோ ஏணியை இழுத்துப்போனார்கள்.

பிறகு அடுத்த கரண்டிக்கு
வாய் திறந்தான்.