சாவி சரி

அதிகாலை மூன்று மணிக்கு
தீவனப் படகின் கணினி கடவுச்சொல் கேட்டிருக்கிறது.
கேட்ட இடத்தில் ஆள் இல்லை.
மணிக்கொரு தரம் போய்
மீன்கூண்டுகளின் ஆக்சிஜன் கணக்கை எடுத்துவரும் சின்ன நிரல் அது.
சாவியைக் காட்டத் தெரியும், பதில் சொல்ல வாயில்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது.

காலையில் வரைபடத்தில் ஐந்து மணி நேரம்
வெள்ளையாகக் கிடந்தது.

முந்தின நாள்தான் தோர்ஷவ்னிலிருந்து வந்தவர்கள்
வெஸ்ட்மன்னா முழுக்கப் புது முகவரி கொடுத்துவிட்டுப் போனார்கள்.
நான்கு எண்ணாக இருந்தது எட்டுக் கண்டமாக நீண்டு,
நடுவில் இரண்டு முக்காற்புள்ளிகள்
பூஜ்யங்களை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கின்றன.

பழைய எண்ணில் தட்டினால் திறக்கிறது.
புதியதில் தட்டினால்: கடவுச்சொல்?
அதே சாவி. அதே கதவு. அதே நான்.

வாய்விட்டுப் பேசு என்று மூன்று 'வி' போட்டேன்.
சாவியை நீட்டுகிறேன் என்றது என் பக்கம்.
வேறு வழி பார் என்றது அந்தப் பக்கம்.
வாசலில் நிற்பவளுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் அதற்கில்லை;
நல்ல வழக்கம்தான்,
எனக்கு எரிச்சல் வந்தது வேறு.

கோப்புக்கு அறுநூறு, அடைவுக்கு எழுநூறு.
எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது.

பதிவேட்டைப் பார்க்கும் உரிமை படகில் ஹனுஸுக்குத்தான்.
ரேடியோவில், வாயில் ரொட்டியோடு, வாசித்தான்:
"சாவி சரி. வந்த இடம் சரியில்லை."
திரும்ப வாசி.
"சாவி சரி, மார்யுன். வந்த இடம்தான்."

சாவிக்கு முன்னால் ஒரு நிபந்தனை:
இந்த நான்கு எண்ணிலிருந்து வந்தால் மட்டும்.
எழுதியவள் நான்.
மூன்று வருடம் முன்பு, பக்கத்துத் தீவின் கணினிக்குள்
யாரோ புகுந்த வாரம், பயந்துபோய்.

புது முகவரியையும் சேர்த்தேன். திறந்தது. காப்பி போட்டேன்.

மறுநாள் மூன்று மணி: கடவுச்சொல்?

என் கணினி தினமும் முகவரியை மாற்றிக்கொள்கிறதாம்,
பின்தொடர்கிறவர்கள் அடையாளம் காணாதிருக்க.
அதற்கும் ஒரு பயம்.
இரண்டு பயங்கள் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்க,
கீழே நாற்பதாயிரம் மீன்கள்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

நிபந்தனையை அழிக்க மனம் வரவில்லை.
வீட்டு எண்ணை எடுத்துவிட்டுத் தெருவை எழுதினேன்:
முதல் நான்கு கண்டம் சரியென்றால் விடு.
மிச்ச நான்கை அது இஷ்டப்படி உடுத்திக்கொள்ளட்டும்.

வெளியே பக்கவாட்டில் மழை.
ரேடியோ கரகரத்தது.
"வந்தான் உன் ஆள். யாரும் எதுவும் கேட்கவில்லை."

ஆக்சிஜன் எட்டு புள்ளி ஒன்பது.