தரைப் பங்கு

புரட்டாசி கடைசிச் சனி கழிந்த மறுநாள்
டிரில்லிங் மெஷினோடு வந்தான்
மேலப்பாளையம் மைதீன் பிச்சை.
பிளக் பாயிண்டுகளை ஏற்றி வைக்க வேண்டும்.
'எவ்வளவு ஒசரம் அண்ணாச்சி?'
சுவரைக் காட்டினேன்.
இரண்டு தடவை வெள்ளையடித்தும்
தேயிலைக் கறை மாதிரி மேலே வந்து நிற்கிறது
அந்த மார்கழியின் கோடு.
அதற்கு ஒரு சாண் மேலே
பென்சிலால் குறித்தான்.
'ஆறு என்ன அளந்தா வருது' என்றாள் சொர்ணம்
அடுக்களையிலிருந்து.
இன்னொரு சாண் வைத்தான்.

சிந்துபூந்துறையில் வீடு தேடி வருகிறவர்கள்
ஆறு பக்கம்தானே என்று
சந்தோசமாய்க் கேட்பார்கள்.
பக்கம்தான்.
ஐப்பசி பிறந்தால் இன்னும் பக்கம்.

வேப்பஞ்சருகு அடைத்த குழாயில்
கம்பி விட்டுக் குத்தினேன்.
ஒரு ரப்பர் பந்து வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது,
அப்புறம் ஓர் ஓணான்,
உயிரோடும் கோபத்தோடும்.
கட்டில் கால்களுக்கு இரண்டு வரிசை செங்கல் கூட்டியதில்
ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏறுகிற மாதிரி இருக்கிறதாம் சொர்ணத்துக்கு.
அரிசி நீலக் கேனுக்குள் போயாயிற்று.
கேனை ஜன்னல் கம்பியோடு கட்டியிருக்கிறாள்.
மிதந்தாலும்
வீட்டுக்குள்ளேயே மிதக்கட்டும்.

காலையில் மாடியில் அண்ணன் பேப்பர் வாசிக்கிறார்.
'பாபநாசம் தொண்ணூத்தி எட்டு.
மணிமுத்தாறு எழுபத்தி ஒண்ணு.'
தனக்குள் வாசிக்கிற பழக்கம்தான் அவருக்கு.
இந்த வாரமாய்
கீழே கேட்கிற அளவுக்குச் சத்தம்.

கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம்
'லேமினேஷன் பண்ணிருங்க, மழை வருது' என்கிறேன்.
வியாபாரம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.
நேற்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தை
மெஷினுக்குக் கொடுத்தேன்.
மாடியும் மொட்டைமாடியும் மூத்தவர் பிரம்மநாயகத்துக்கு,
தரையும் கிணறும் இளையவருக்கு,
படிக்கட்டு பொது.
அண்ணன் கையெழுத்து ஊதாவாய்க் கலைந்திருக்கிறது.
அந்த வெள்ளத்தில் நனைந்தது.
மூன்று ராத்திரி நாங்கள் மேலே இருந்தபோது
எங்கள் சிலிண்டரில், அவர்கள் அடுப்பில்
தோசை சுட்டு முடித்து,
கல்லில் மிஞ்சிய சூட்டில்
ஆவுடை மதினி அதைத் தாள் தாளாய்க் காயவைத்தாள்.
படித்திருப்பாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் வடிந்தது. சேறு அள்ளினோம்.
கிணற்று மோட்டார் ரிப்பேரில் பாதி யார் தருவது என்று
ஆரம்பித்த பேச்சு
பேச்சில்லாமல் போய் முடிந்தது.

எல்லாம் முடிந்தும் ஒரு வேலை பாக்கி.
வெள்ளம் வந்தால்
சிலிண்டரையும் தையல் மெஷினையும்
மேலே எங்கே வைப்பது என்று கேட்க வேண்டும்.
'நீங்க கேளுங்க. உங்க அண்ணன்தான?'
'நீ கேளு. அக்கா அக்கான்னு கெடந்தவதான?'
இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம்.
மேற்கே, மலைப்பக்கம், கறுப்பு.

மொட்டைமாடித் தூம்பு அடைத்திருக்கிறது என்று
மைதீன் பிச்சையைச் சாக்கு வைத்து
ஏறினேன். பதினேழு படி.
வராந்தாவில் யாரும் இல்லை.
உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
மூலையில், அன்றைக்கு எங்கள் சிலிண்டர் நின்ற இடத்தில்,
துரு வட்டம்.
சுற்றிலும் தரை துடைத்துப் பளபளவென்று.
செருப்பு ஸ்டாண்டு, குரோட்டன்ஸ் தொட்டி, குடை,
எல்லாம் அதற்கு ஓரடி தள்ளியே.
துரு போகாது என்று விட்டிருக்கலாம்.
செருப்பு ஸ்டாண்டு
எப்போதும் அங்கேதான் இருந்ததோ என்னவோ.

மதினி வந்தாள்.
என்னைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள்.
'சிலிண்டரு புல்லா, பாதியா?'
'புல்லு, மதினி.'
'அப்போ மைதீன் இருக்கும்போதே
தூக்கிட்டு வரச் சொல்லு.
உங்க அண்ணனுக்கு இப்போ நடுமுதுகுல பிடிப்பு.'

மோட்டார் காசைப் பற்றி
அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
அது
கார்த்திகைக்கு மேல்.