எந்த பிளாஸ்டிக்?

தாராவி. மூன்றாம் வகுப்பு.
குழாய் நிற்பதற்குள் ஓடிப்போய்ப் பிடித்த
முக்கால் வாளித் தண்ணீர்.

சாக்பீஸ், சாவி, வெங்காயத் தோல்,
எவனுடையதோ ஒரு பம்பரம்.
ஒவ்வொன்றுக்கும் முதலில் கைதூக்கல்,
பிறகு தொப்.

கரும்பலகையில் நேற்றே எழுதிவிட்டிருந்தேன்:
பிளாஸ்டிக் மிதக்கும்.

"எந்த பிளாஸ்டிக், டீச்சர்?"

இசக்கிதேவி.
சட்டையை நனைத்துக்கொண்ட சுடலையை
அதட்டிக்கொண்டிருந்தேன்; காதில் விழவில்லை.

அவளே எழுந்து வந்தாள்.
பாட்டில் மூடியை மேஜையில் தட்டி
சத்தம் கேட்டாள்.
இது மிதக்கும்.
கழுத்தோரம் வெட்டிய துண்டை
நகத்தால் கீறினாள்.
இது முங்கும்.

நாற்பத்தொரு தலைகள் வாளிக்குமேல்.
மூடி மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது.
துண்டு நேரே அடிக்குப் போய்ப்
படுத்துக்கொண்டது.

"ரெண்டையும் கலந்து போட்டா
சேட்டு காசைப் பிடிச்சிருவாரு"
என்றாள், பாவாடையில் கை துடைத்தபடி.

ஈரக்கையால் அழித்தேன்.
எழுத்து போய் வெள்ளைத் திட்டு நின்றது;
காயும்வரை அதன்மேல் எதுவும் எழுத முடியாது.

"அடுத்து உங்க பேனா மூடி, டீச்சர்."

கொடுக்கும் முன்
யாரும் பார்க்காதபோது
மேஜையில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.