ரகசியமற்ற பிரதி

தில்லியிலிருந்து வந்த வினாநிரல்
நூற்றுப் பதினான்கு பக்கம்.
ரிச்சி தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில்
அதை நிரப்ப உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே முழங்கால் தண்ணீர்.
கொட்டுகிறது மழை.

சரக்கைக் கொட்டினார்களா என்பதுதான்
சுற்றிச் சுற்றி ஒரே கேள்வி.
அவர்கள் ஊரில் என்ன விலை,
நம் ஊருக்கு வந்தால் என்ன விலை,
நடுவிலுள்ள பள்ளம் எத்தனை சதவீதம்.

இத்ரீஸ் பாய்க்கு அந்தச் சொல்லே ஆகவில்லை.
"தேள் கொட்டும். மேளம் கொட்டும்.
கார்ப்பரேஷன் லாரி கொடுங்கையூரில் கொட்டும்.
நான் மெமரி சிப்பைக் காசு கொடுத்து வாங்கினேன்மா.
விமானத்தில் வந்தது,
வெள்ளிக் கொலுசு மாதிரிப் பொதிந்து வந்தது.
இதையா கொட்டினேன்கிறான்?"

கொட்டியது நீங்கள் இல்லை பாய்,
அனுப்பியவன் என்றேன்.
"அப்போ வரி யார் கட்டுறது?"
நீங்கள்.
டீ கிளாஸை மேசையில் வைத்தார்,
வைத்த சத்தம் கேட்டது.

விலையிலிருந்து கழிக்கச் சொல்கிறார்கள்:
மீனம்பாக்கம் கிடங்கு வாடகை,
இன்ஷூரன்ஸ், ஆகாயக் கூலி,
அந்த நாட்டு லாரி, அந்த நாட்டு அட்டைப்பெட்டி.
கழித்துக் கழித்து
நான் பார்த்தேயிராத ஒரு தொழிற்சாலையின்
வாசல்வரை போய் நிற்கிறேன்.
காவலாளி மட்டும் கணக்கில் வரவில்லை.

பகுதி ஏழு: காயம்.
புகார் கொடுத்த அம்பத்தூர் கம்பெனி
தன் காயத்தை அட்டவணையாகப் போட்டிருக்கிறது.
விற்பனை சரிவு. தேங்கிய இருப்பு.
வேலையிழந்தோர் நாற்பத்தொன்று.

அந்த நாற்பத்தொன்றில் ஒருத்தி புஷ்பகாந்தி.
காலை லோக்கலில், பெண்கள் பெட்டியில்,
பட்டரவாக்கத்தில் ஏறுவாள்.
இப்போது பெரம்பூரில் துணிக்கடை பில் கவுண்டர்.
ஆறு வருஷம் மைக்ராஸ்கோப்பில்
சிப்பின் காலை எண்ணிய கண்;
"அரிசியில் கல் இருந்தா
இப்பவும் தானா தெரியுதுக்கா" என்பாள்.
நான் என்ன வேலை என்று கேட்டதற்கு
கணக்கு என்று சொல்லியிருக்கிறேன்.
பொய்யில்லை.

டைப் செய்தேன்:
உள்நாட்டுத் தொழிலுக்குக் காயம் ஏதும் இருப்பின்
அதற்கு இறக்குமதி காரணமன்று.
பழைய இயந்திரம், மின்வெட்டு,
நிர்வாகக் கோளாறு ஆகியன காரணம்.
பிழை ஒன்றுமில்லை வாக்கியத்தில்.
இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வேண்டும்.
ரகசியப் பிரதியில் எண்கள்.
எதிர்த்தரப்பு பார்க்கும் பிரதியில்
எண் இருந்த இடமெல்லாம் நட்சத்திரம்.
வாங்கிய விலை, மூன்று நட்சத்திரம்.
விற்ற விலை, மூன்று.
லாபத்துக்கும் மூன்றே.
அவர்களும் அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள்.
அட்டவணையில் அந்த நாற்பத்தொன்று மட்டும்
மறைக்கப்படாமல் நின்றது.
அதை யாரும் ரகசியமாக நினைக்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து
அதிகாரிகள் சரிபார்க்க வந்தபோது
உலகத்துச் சிப்பையெல்லாம்
எங்கோ பெரிய பெரிய கூடங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன.
விலை மூன்று மடங்கு.
கொட்டுவதற்கு எவரிடமும் ஒன்றுமில்லை.
ஆனாலும் அவர்களுக்கு வேண்டியது
போன மழைக்கு முந்தின மழையின் இன்வாய்ஸ்.
"ஞாபகமிருக்கிறதா?" என்றார் இளையவர்.
கரையான் தின்றது போக மீதியைக் கொடுத்தேன்.
இத்ரீஸ் பாய் அவர்களுக்கும்
இஞ்சி டீதான் சொன்னார்.

தீர்வை வருமா என்று இன்னும் தெரியவில்லை.

நேற்று கொரட்டூர் தாண்டியதும்
புஷ்பகாந்தி கேட்டாள்:
பையனின் கம்ப்யூட்டர் திணறுகிறதாம்,
ராம் ஒன்று போட வேண்டுமாம்,
ரிச்சி தெருவில் தெரிந்த கடை இருக்கிறதா அக்கா.

இருக்கிறது என்றேன்.

"எவ்வளவு ஆகும்?"

வில்லிவாக்கம் வந்துவிட்டது.
இறங்குகிறவர்களுக்கு வழிவிட
இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.